கால் முறிந்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது?



கணக்கு எழுதுகிறவனுக்கு வைத்தியசாலையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முறிந்த எலும்பை எப்படிப் பொருத்துவது என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்வதற்கு நமது சமூகத்தில் நல்ல வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். முறிந்த எலும்பை எந்தத் தலைப்பின் கீழ்ப் பதிவது, அந்தத் தலைப்புகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இந்த மாத உரைக்கு எடுத்துக்கொண்டேன். தலைப்பிடுவதும் பதிவதும் என் தொழிலோடு ஒட்டிய விடயங்கள்.

நாம் வாழும் அவுஸ்திரேலியாவில், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒருவர் வீடு திரும்பியதும், அவருடைய கோப்பு குறியீட்டாளர் ஒருவரின் மேசைக்குப் போகிறது. 'கிளினிக்கல் கோடர்' என்று அவரைச் சொல்வார்கள். வைத்தியரும் தாதியும் எழுதியவற்றை அவர் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீட்டை இடுகிறார். கணுக்கால் முறிவு என்றால் அது 'எஸ் 82' என்ற தலைப்பில் ஏறும். பாதத்தில் முறிவு என்றால் 'எஸ் 92'. உலக சுகாதார நிறுவனத்தின் 'சர்வதேச நோய் வகைப்பாடு', சுருக்கமாக ஐ.சி.டி., என்ற நூலின் 10ஆவது திருத்தத்தில் உள்ள எண்கள் இவை. நாங்கள் பேரேட்டில் வாடகைக்கு ஒரு எண், சம்பளத்துக்கு ஒரு எண் என்று கொடுக்கிறோமே, அதே வேலைதான்.

இந்தப் பேரேட்டுக்கு ஏறத்தாழ 350 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு மனிதனின் வலி கணக்கில் சேர வேண்டுமென்றால், முதலில் அதற்கு ஒரு தலைப்பு இருக்க வேண்டும். பிறகு அந்தத் தலைப்பில் சேர்க்கத்தக்க வார்த்தையை யாராவது எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது விடயம் நம்மவர்களை நேரடியாகத் தொடுகிறது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இறந்தவர்களின் பேரேடு

இந்தக் கணக்கைத் தொடக்கி வைத்தவர் வைத்தியர் அல்லர், ஒரு வியாபாரி. இலண்டனில் துணி மற்றும் சில்லறைச் சாமான் வியாபாரம் செய்த ஜோன் கிரோன்ட் என்பவர் 1662ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அந்நகரின் தேவாலயப் பிரிவுகள் வாராவாரம் வெளியிட்ட மரணப் பட்டியல்களை எடுத்துக் கூட்டி, கழித்து, ஒப்பிட்டு எழுதிய நூல் அது. தான் செய்தது கடைக்காரனின் கணிதம்தான் என்று அவரே பணிவாகச் சொல்லிக்கொண்டார். மக்கள்தொகைப் புள்ளிவிபரம் என்ற துறைக்கு அந்த நூலே தொடக்கம் என்று இன்று கருதப்படுகிறது.

அந்தப் பட்டியல்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் வயதான பெண்கள். யாராவது இறந்தால் அவர்கள் போய் உடலைப் பார்த்து, என்ன காரணம் என்று சொல்வார்கள். கோயிற் குமாஸ்தா அதை எழுதிக்கொள்வார். 1632ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 'பற்கள்' என்ற தலைப்பின் கீழ் 470 மரணங்கள் உள்ளன. பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகள் அவர்கள். 'பலவித விபத்துகளால் கொல்லப்பட்டோர்' என்ற தலைப்பில் 46 பேர். குதிரையிலிருந்து விழுந்தவரா, வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டவரா, எந்த எலும்பு முறிந்தது என்ற விபரம் ஒன்றும் அதில் இல்லை.

கால் முறிந்து பிழைத்துக்கொண்டவரின் நிலை இன்னும் மோசம். அவர் அந்தப் பேரேட்டிலேயே இல்லை. செத்தால்தான் கணக்கு. நொண்டிக்கொண்டே 30 ஆண்டுகள் வாழ்ந்தால் அவருக்குப் பதிவு கிடையாது. இந்தக் குறை தீருவதற்குப் பல தலைமுறைகள் எடுத்தன.

கதவில் படுத்துப் போன வைத்தியர்

முறிவுகள் கணக்கில் சேருவதற்கு முன்பு, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அதில் ஒரு பெரிய பெயர் பேர்சிவல் பொட். இலண்டன் சென். பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர். 1756ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட முறிவுக்குக் காலை வெட்டுவதுதான் வழக்கமான சிகிச்சை.

குலுக்கித் தூக்கிச் சென்றால் என்ன ஆகும் என்று தெரிந்த பொட், தெருவிலே கிடந்தபடி, தன்னை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பல்லக்குத் தூக்குகிற ஆட்களைத் தடிகளோடு வரவழைத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, தடிகளை அதில் ஆணி அடித்துப் பொருத்தி, அதன்மேல் படுத்தபடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். காலை வெட்டுவதற்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய பழைய ஆசிரியர் எட்வேட் நேர்ஸ் வந்து, இந்தக் காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது.

பின்னர் 1760களின் இறுதியில் முறிவுகளைப் பற்றி அவர் எழுதிய நூலில், கணுக்காலை ஒட்டி ஏற்படும் ஒருவகை முறிவை விபரித்தார். அதற்குப் 'பொட் முறிவு' என்று இன்றும் பெயர். அவருடைய சொந்தக் காலில் ஏற்பட்டதும் அதே முறிவுதான் என்று பலர் கதை சொல்வார்கள். அப்படி உறுதியாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு மனிதரின் பெயரை முறிவுக்கு வைப்பதில் உள்ள சிக்கலை இது காட்டுகிறது. 'பொட் முறிவு' என்றால் ஒரு வைத்தியருக்கு ஒரு பொருள், இன்னொருவருக்கு வேறு பொருள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வைத்தியசாலைகளின் கணக்கைக் கூட்ட முடியாது.

பெயர்களை ஒழுங்குபடுத்தியோர்

இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்தவர் வில்லியம் ஃபார். 1837இல் இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புகளைச் சட்டப்படி பதிவது தொடங்கியது. அந்தப் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிபரப் பொறுப்பை ஏற்றவர் இவர். பௌதிகத்துக்கு நிறையும் அளவும் எவ்வளவு அவசியமோ, நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒழுங்கான பெயரிடலும் அவ்வளவு அவசியம் என்று 1839இல் வெளியான முதலாவது ஆண்டறிக்கையிலேயே அவர் வற்புறுத்தினார்.

1853இல் பிரசெல்ஸ் நகரில் நடந்த சர்வதேசப் புள்ளிவிபர மகாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு பட்டியலைத் தயாரிக்கும்படி ஃபாரிடமும் ஜெனீவாவைச் சேர்ந்த மார்க் டெஸ்பினிடமும் கேட்டுக்கொண்டது. 1855இல் இருவரும் இரண்டு தனித்தனிப் பட்டியல்களோடு வந்தார்கள்! டெஸ்பின் நோயின் தன்மையை வைத்துப் பிரித்தார். ஃபார், உடலின் எந்த இடத்தில் நோய் என்பதற்கு முக்கிய இடம் கொடுத்தார். வன்முறையாலும் விபத்தாலும் வரும் காயங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார். மகாநாடு இரண்டையும் கலந்து 139 தலைப்புகளை ஏற்றுக்கொண்டது. இரு பங்காளிகள் சண்டை பிடித்து, கடைசியில் நடுவர் சமரசம் செய்து வைத்ததுபோல இருக்கிறது. ஆனால் உடலின் இடத்தை வைத்துப் பிரிப்பது என்ற ஃபாரின் வழிதான் நிலைத்தது. இன்று கணுக்காலுக்கு ஒரு எண்ணும் குதிக்காலுக்கு வேறு எண்ணும் இருப்பதற்கு அவர் வகுத்த வழியே வேர்.

செத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது என்று குரல் கொடுத்தவர், நாமெல்லாம் தாதியாக மட்டும் அறிந்து வைத்திருக்கும் புளோரன்ஸ் நைற்றிங்கேல். 1860இல் இலண்டனில் கூடிய அதே மகாநாட்டுக்கு, எல்லா வைத்தியசாலைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயாளிகளின் கணக்கை வைக்க வேண்டும் என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். அதற்கு ஃபாரின் வகைப்பாட்டைப் பயன்படுத்தலாம் என்றார். நோயாளியாகக் கட்டிலில் கிடந்து பிழைத்து எழுந்து போகிறவனையும் எண்ண வேண்டும் என்ற கருத்து அங்கே பிறந்தது.

1893இல் சிக்காகோவில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர நிறுவனத்தின் கூட்டத்தில், பாரிஸ் நகரப் புள்ளிவிபரப் பகுதித் தலைவர் ஜாக் பெர்ட்டியோன் ஒரு புதிய மரணக் காரணப் பட்டியலைக் கொடுத்தார். அதில் மிக விரிவான வடிவத்துக்கு 161 தலைப்புகள். இவருடைய சகோதரர் அல்போன்ஸ் பெர்ட்டியோன், குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் முறையைப் பொலிசாருக்கு அமைத்துக் கொடுத்தவர். அந்த அளவுகளில் ஒன்று இடது பாதத்தின் நீளம். ஒரு சகோதரர் பாதத்தை அளந்தார். மற்றவரின் பட்டியலிலோ பாதம் முறிந்தவருக்கு இன்னும் இடம் இல்லை.

1900இல் பாரிசில் 26 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி அந்தப் பட்டியலைத் திருத்தி ஏற்றார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவது என்றும் ஏற்பாடானது. 1909இல் முடிந்த இரண்டாவது திருத்தத்தில் 'எலும்பு முறிவுகள் (காரணம் குறிப்பிடப்படாதவை)' என்ற ஒற்றைத் தலைப்பு இருந்தது. இடுப்பு எலும்பாக இருந்தாலும் கால் எலும்பாக இருந்தாலும் அதற்குள்ளேயே போட வேண்டியதுதான்.

நடனமாடி முறித்த எலும்பு

இதே காலத்தில் எலும்பு வைத்தியம் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. 1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதை உடனே பயன்படுத்தத் தொடங்கியவர்களில் ஒருவர் லிவர்பூல் நகரத்து வைத்தியர் றொபேட் ஜோன்ஸ்.

இவருடைய குரு, உறவினரான ஹியூ ஓவன் தோமஸ். தோமசின் முன்னோர்கள் வேல்ஸ் நாட்டில் பரம்பரை முறிவு வைத்தியர்கள். நமது ஊர்ப் பரியாரிமார்போலக் கைப்பழக்கத்தால் எலும்பு பொருத்தியவர்கள். மேல்நாட்டு எலும்பு வைத்தியத்தின் ஒரு கிளை அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வந்தது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. மான்செஸ்டர் கப்பற் கால்வாயை வெட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு 1888 முதல் ஜோன்ஸ் பொறுப்பு வைத்தியராக இருந்தார். கால்வாய் வழிநெடுக முதலுதவி நிலையங்களையும் மூன்று வைத்தியசாலைகளையும் அமைத்து, காயப்பட்டவர்களை ஒழுங்காகக் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்தார்.

ஒருநாள் நடனமாடும்போது அவருடைய சொந்தக் கால் பிசகியது. சுளுக்கு என்று எல்லோரும் சொல்லக்கூடிய வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தில் நீண்டு கிடக்கும் எலும்பு அடிப்பக்கத்தில் முறிந்திருந்தது. தன்னுடைய அனுபவத்தையும் வேறு சிலரின் அனுபவத்தையும் சேர்த்து 1902இல் அவர் கட்டுரை எழுதினார். 'ஜோன்ஸ் முறிவு' என்ற பெயர் அப்படி வந்தது. அதற்கு முன்பு எத்தனை பேர் அதே எலும்பை முறித்துக்கொண்டு, 'சுளுக்குத்தானே' என்று எண்ணெய் தடவிக்கொண்டு நடந்திருப்பார்கள்! படம் எடுக்கும் கருவி வந்த பிறகுதான் அந்த முறிவுக்குப் பெயர் வந்தது.

இரட்டைப் பதிவு

பெயர் வந்தாலும் பேரேட்டில் இடம் கிடைக்க இன்னும் காலம் எடுத்தது. 1900 முதலே நோயாளிகளுக்கென்று துணைப் பட்டியல் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது மரணப் பட்டியலின் நிழலாகவே இருந்தது. 1948இல், புதிதாக உருவான உலக சுகாதார நிறுவனம் பொறுப்பை ஏற்று ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அப்போதுதான் இறந்தவருக்கும் பிழைத்தவருக்கும் ஒரே பட்டியல் வந்தது.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றமும் அந்தத் திருத்தத்தில்தான் நடந்தது. காயங்களுக்கு இரண்டு பதிவுகள் ஏற்பட்டன. என்ன காயம் என்பது ஒன்று; எதனால் ஏற்பட்டது என்பது மற்றொன்று. வரவும் செலவும் என்று நாம் இரண்டு பக்கம் எழுதுவதைப் போன்றது. கணுக்கால் முறிந்தது ஒரு பக்கம். ஏணியிலிருந்து விழுந்தது மறுபக்கம். முதல் பக்கம் சிகிச்சைக்கு உதவும். இரண்டாவது பக்கம் அடுத்தவன் அதே ஏணியிலிருந்து விழாமல் இருக்க உதவும்.

1975இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்பதாவது திருத்தத்தில் கணுக்கால் முறிவுக்கு 824, பாதத்தின் பின்பகுதி மற்றும் நடுப்பகுதி எலும்புகளுக்கு 825, கால்விரல்களுக்கு 826 என்று எண்கள் இருந்தன. 1990இல் உலக சுகாதாரப் பேரவை அங்கீகரித்த பத்தாவது திருத்தத்தில் எண்ணோடு எழுத்தும் சேர்ந்தது. அதன் அவுஸ்திரேலியப் பதிப்பு 1998 யூலையில் விக்ரோறியா, நியூ சவுத் வேல்ஸ் உட்பட்ட இடங்களிலும், அடுத்த ஆண்டு ஏனைய மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது.

கணுக்கால் யாருக்குச் சொந்தம்?

இந்த 10ஆவது திருத்தத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கணுக்கால் சுளுக்கினால் அது 'கணுக்காலும் பாதமும்' என்ற பகுதியில், எஸ் 93இல் பதியப்படும். அதே கணுக்கால் முறிந்தால் 'முழங்காலும் கீழ்க்காலும்' என்ற பகுதிக்குப் போய், எஸ் 82இல் பதியப்படும்.

காரணம் இதுதான். நாம் கணுக்காலின் இரு பக்கமும் தொட்டுப் பார்க்கும் மேடுகள் தனி எலும்புகள் அல்ல. முழங்காலிலிருந்து கீழே இறங்கும் இரண்டு நீண்ட எலும்புகளின் நுனிகள் அவை. உட்புறக் கணு முறிந்தால் எஸ் 82.5. வெளிப்புறக் கணு முறிந்தால் எஸ் 82.6. அந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தாலஸ் என்ற எலும்போ பாதத்துக்குச் சொந்தம். அதன் எண் எஸ் 92.1. குதிக்கால் எலும்பு எஸ் 92.0. றொபேட் ஜோன்ஸ் முறித்துக்கொண்டது போன்ற நீண்ட பாத எலும்புகள் எஸ் 92.3. பெருவிரல் எஸ் 92.4, மற்ற விரல்கள் எஸ் 92.5.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதங்களிலும் 52. உடம்பிலுள்ள 206 எலும்புகளில் கால்வாசி அங்கேதான் இருக்கின்றன. ஆகவே இவ்வளவு பிரிவுகள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய பதிப்பு 2013இல் வருவதாக இருந்து, 2014க்குத் தள்ளிப்போய், கடைசியில் 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி வந்தது. அதில் 'எஸ் 92.351ஏ' என்று எழுதினால் பொருள் என்ன தெரியுமா? பாதத்தின் நீண்ட எலும்பு; அதிலும் ஐந்தாவது; விலகிய முறிவு; வலது பாதம்; தோல் கிழியவில்லை; இப்போது முதற்கட்டச் சிகிச்சை நடக்கிறது. ஏழு இடங்களில் ஒரு முழுக் கதை. எலும்பு பொருந்தத் தாமதமானால் கடைசி எழுத்து மாறும். பொருந்தவே இல்லையென்றால் வேறு எழுத்து. கணுக்கால் முறிவில் எலும்பு வெளியே வந்திருந்தால், 1976இல் குஸ்டிலோ, அண்டர்சன் என்ற இரு வைத்தியர்கள் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து வகுத்த தரமும் அந்தக் கடைசி எழுத்தில் வந்துவிடும். பொட் கதவில் படுத்துப் போன கதையைக்கூட இன்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிவிடலாம்.

பேரேட்டில் பணம் நுழைந்த கதை

இவ்வளவு நுணுக்கம் ஆராய்ச்சிக்காக மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் றொபேட் ஃபெட்டர், ஜோன் தொம்சன் என்ற இருவர் 1970களில், ஒரே அளவு செலவு பிடிக்கும் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். ஃபெட்டர் தொழிற்சாலை நிர்வாகத்தில் தேர்ந்தவர். ஒரு தொழிற்சாலை தனது ஒவ்வொரு உற்பத்திக்கும் என்ன செலவாகிறது என்று பார்ப்பதுபோல, வைத்தியசாலையும் பார்க்கலாம் என்பது அவர்களின் எண்ணம். 1983இல் அமெரிக்க அரசு தனது முதியோர் வைத்தியக் காப்புறுதியில் இந்த முறைப்படி வைத்தியசாலைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நமது விக்ரோறியா மாநிலம் 1993 யூலையில் இதே வழியைப் பின்பற்றியது. 2012 யூலை முதல் நாடு முழுவதும் பொது வைத்தியசாலைகளுக்கு இந்த அடிப்படையில் நிதி ஒதுக்கும் ஏற்பாடு வந்தது.

நோய்க் குறியீடுகளை வைத்துத்தான் நோயாளி எந்தக் குழுவில் விழுகிறார் என்பது தீர்மானமாகிறது. அவுஸ்திரேலியக் குழுப்பட்டியலில் சத்திரசிகிச்சை இல்லாத பாதக் காயம், முன்கை, மணிக்கட்டு, கை ஆகியவற்றின் காயங்களோடு ஒரு குழு. கணுக்கால் காயமோ தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றோடு இன்னொரு குழு. ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத இரண்டு இடங்கள். பேரேட்டில் இரண்டு வேறு பக்கங்கள்.

'கால்' என்ற சொல்

இனி நம்மவர்களின் விடயத்துக்கு வருகிறேன்.

தமிழில் 'கால்' என்றால் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கால்தான். 'காலில் செருப்பு' என்றால் பாதம். 'கால் நீட்டி இரு' என்றால் முழுக் கால். நமக்குள் பேசும்போது இதில் குழப்பமே வராது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்தார். பெயர் வேண்டாம். வேலை நேரத்தில் படியில் சறுக்கி விழுந்தார். வைத்தியசாலையில் 'கால் முறிஞ்சு போச்சு' என்றார். உடன் போன உறவினர் அதை ஆங்கிலத்தில் 'பாதம்' என்று சொல்லிவிட்டார். முதல் சான்றிதழில் பாதத்தில் காயம் என்று ஏறிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிந்திருந்தது வெளிப்புறக் கணு. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். சில வாரங்களில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் கோரியது பாதத்துக்கு. கணுக்கால் எப்போது முறிந்தது என்று கேள்வி. அவர் கடதாசிகளை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். வைத்தியரிடம் விளக்கக் கடிதம் வாங்கி, எக்ஸ்ரே அறிக்கையை இணைத்து அனுப்பி, பதில் வந்து சேர நாலு மாதம் சென்றது. வீட்டுக் கடன் அந்த நாலு மாதமும் காத்திருக்கவில்லை. மனைவி இரண்டாவது வேலைக்குப் போனார்.

குறியீட்டாளர்களைக் குறை சொல்ல முடியாது. கோப்பில் இல்லாததை ஊகித்து எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை. சந்தேகம் என்றால் வைத்தியரிடம் கேட்கலாம், அவ்வளவுதான். எழுதப்பட்டது தெளிவில்லை என்றால் அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். 10ஆவது திருத்தத்தில் 'டி 12' என்று ஒரு எண் உண்டு. அதன் பொருள், 'கால் முறிவு. எந்த இடம் என்று குறிப்பிடப்படவில்லை'. நமது 'கால் முறிஞ்சு போச்சு' என்ற வசனத்துக்கென்றே வைத்தது போன்ற எண்!

கணக்குப் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு என்றால் தெரியும். பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு அது. பிழையைக் கண்டுபிடித்ததும் அதை அழித்துவிட வேண்டும். 'குறிப்பிடப்படவில்லை' என்ற தலைப்பும் அப்படித்தான். ஆனால் வைத்தியசாலைக் கோப்பு மூடிய பிறகு அதைத் திறந்து யாரும் திருத்துவது அரிது. அங்கே விழுந்தவர் அங்கேயே கிடப்பார். படியில் விழுந்தோர் எத்தனை பேர், ஏணியில் விழுந்தோர் எத்தனை பேர், வேலையில் விழுந்தோர் எத்தனை பேர் என்று அரசாங்கம் எண்ணும்போது எப்படி விழுந்தார் என்பதும் எழுதப்படாதிருந்தால் அவருடைய விழுகை அதில் சேராது. எண்ணில் வராத ஆபத்துக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

நமது மொழியில் சொல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. பெர்ட்டியோன் சிக்காகோவில் பட்டியல் கொடுப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே முறிவைப் பற்றித் தமிழில் படித்த வைத்தியர்கள் நமது ஊரில் இருந்தார்கள். கெண்டைக்கால், கரண்டைக்கால், கணுக்கால், குதிக்கால், புறங்கால், உள்ளங்கால் என்று நம் அம்மாமாரும் அப்பாச்சிமாரும் பிரித்துப் பிரித்துச் சொன்னவைதான். நாம்தான் அவசரத்தில் எல்லாவற்றையும் 'கால்' என்று சுருக்கிவிடுகிறோம்.

ஆகவே நேயர்களிடம், முக்கியமாக மூத்தோரிடமும் அவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகளிடமும் சில வேண்டுகோள்கள். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இடதா வலதா என்று வாயாலும் சொல்லுங்கள். எப்படி விழுந்தீர்கள், எங்கே விழுந்தீர்கள், அப்போது வேலையில் இருந்தீர்களா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசாங்கத்தின் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450. முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும், கையெழுத்துக் காய்வதற்கு முன் யாரையாவது கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள். அன்றே திருத்துவது 5 நிமிட வேலை.

இந்தப் பேரேடு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 11ஆவது திருத்தம் 2019இல் அங்கீகரிக்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியான நேரத்தில்தான் மாறுகிறது. நமது வைத்தியசாலைகள் இன்னும் 10ஆவது திருத்தத்திலேயே நிற்கின்றன. புதிய நூலில் பாரம்பரிய வைத்தியத்துக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நமது சித்த வைத்தியத்தின் நோய்ப் பெயர்களுக்கும் எண் கொடுக்கும் பகுதி 2024 ஜனவரியில் டெல்லியில் வெளியிடப்பட்டது. நமது பரியாரிமார் வழங்கிய சொற்களும் உலகப் பேரேட்டில் ஏறத் தொடங்கிவிட்டன என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அதுவரை, இந்தக் குளிர்காலத்தில் ஈரப் படிகளில் கவனமாக இறங்குங்கள். மீண்டும் அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.